வலிக்கிற இடத்தில் கை வைப்பதற்கு முன்: மசாஜ் பற்றி வாசகர்களின் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

சென்ற மாதம் இந்தப் பகுதியில் இடுப்புவலி பற்றி எழுதியபோது, 'தசைப்பிடிப்பால் வரும் வலிக்கு மசாஜும் ஓரளவு கைகொடுக்கும்' என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். மாத்திரை, படுக்கை, உடற்பயிற்சி என்று விரிவாக எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு, பெரும்பாலான கடிதங்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கின்றன. எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

பதினான்கு ஆண்டுகளாகப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் வேலை செய்கிறேன். மாலையானால் கழுத்தும் இரண்டு தோள்பட்டைகளும் கல்லாக இறுகிவிடுகின்றன. எக்ஸ்ரேயில் எலும்புக் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மசாஜ் செய்துகொள்வதால் உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது அது அந்த நேரத்துச் சுகம் மட்டும்தானா?
– வாசகி, திருப்பூர்

உங்கள் வலது கையை இடது தோளின் மேல் வைத்து, கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில் இருக்கும் தசையை விரல்களால் மெல்ல உருட்டிப் பாருங்கள். கயிறு போல விறைத்த ஒரு பட்டையும், அதற்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு முடிச்சும் தட்டுப்படலாம். அந்த முடிச்சை அழுத்தினால் வலி அங்கேயே நிற்காமல் காதுக்குப் பின்னாலோ தலையின் பக்கவாட்டிலோ ஏறினால், உங்கள் வலி தசையிலிருந்து வருவதற்கான வாய்ப்பு அதிகம். துணியைத் தள்ளிக்கொடுக்கும் கைகளைத் தாங்கிக்கொண்டு அந்தத் தசை மணிக்கணக்கில் பாதி சுருங்கிய நிலையிலேயே நிற்கிறது. ஓடுகிற தசையைவிட அசையாமல் நிற்கிற தசைதான் சீக்கிரம் களைத்துப்போகும்.

இத்தகைய வலிக்கு மசாஜ் பயன்படுகிறது என்று துணிந்து சொல்லலாம். கட்டில் காலில் முழங்கால் இடித்துக்கொண்டால் யாரும் சொல்லித்தராமலே அந்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம் அல்லவா? தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுசெல்லும் நரம்புகள் தண்டுவடத்தை எட்டும்போது, வலியைக் கொண்டுவரும் நரம்புகளின் செய்தி அங்கேயே மட்டுப்படுகிறது என்பது 1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் முன்வைத்த விளக்கம். பின்னாளில் அதில் பல திருத்தங்கள் வந்தாலும் அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது. இதனுடன், விறைத்த தசை நீண்டு தளர்வதும், கண்ணை மூடிப் படுத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் மூச்சும் நாடித்துடிப்பும் நிதானப்படுவதும் சேர்ந்துகொள்கின்றன.

அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 401 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் ஒரு முறை வீதம் பத்து வாரம் மசாஜ் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அந்தப் பலன் ஆறு மாதம் வரை நீடித்தது. ஓராண்டு முடிவதற்குள் பெரும்பாலும் கரைந்துபோனது. எனக்குச் சுவையாகப்பட்டது வேறொன்று: தசைகளை ஆராய்ந்து குறிவைத்து அழுத்தும் நுட்பமான முறைக்கும், உடலைத் தளர்த்துவதற்காகச் செய்யும் சாதாரண முறைக்கும் பலனில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. கழுத்துவலி உள்ள 228 பேரிடம் நடத்திய இன்னொரு ஆய்வில், வாரம் இரண்டு அல்லது மூன்று முறை ஒரு மணி நேரம் பெற்றவர்களுக்குத் தெளிவான பலன் கிடைத்தது. அரை மணி நேர மசாஜ் பெற்றவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. திடீரென்று வந்த இடுப்புவலிக்கு முதலில் மாத்திரையைத் தேடாமல் வெந்நீர் ஒத்தடம், மசாஜ் போன்றவற்றை முயன்று பார்க்கலாம் என்று அமெரிக்க உள்மருத்துவர்கள் அமைப்பும் 2017இல் பரிந்துரைத்தது. இந்தச் சான்றுகள் மிக வலுவானவை என்று சொல்ல மாட்டேன். யார் மசாஜ் பெறுகிறார் என்பதை மறைத்துவைத்து ஆய்வு செய்ய வழியில்லை என்பதால், மருந்துகளைச் சோதிக்கும் அதே கறாரோடு இதைச் சோதிப்பது கடினம்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், இது அந்த நேரத்துச் சுகத்தைவிட அதிகம், ஆனால் நிரந்தரத் தீர்வைவிடக் குறைவு என்பதுதான். முடிச்சை இன்று அவிழ்த்துவிட்டு, நாளைக்கு அதே முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில் ஒன்றரை ஷிப்டு குனிந்து உட்கார்ந்தால் அது மறுபடியும் விழத்தான் செய்யும். மேசையின் உயரத்தை முழங்கை மட்டத்துக்குச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மணிக்கு ஒரு முறை எழுந்து தோள்களைப் பின்பக்கமாகப் பத்து முறை சுழற்றுங்கள். கைவிரல்கள் மரத்துப்போனாலோ பிடிமானம் குறைந்தாலோ அது நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், மசாஜை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

ஜிம்முக்குப் போகிறேன். மசாஜ் செய்தால் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலமும் உடலில் உள்ள நச்சுகளும் வெளியேறும், தொப்பையும் குறையும் என்று பயிற்சியாளர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், கோயம்புத்தூர்

மூன்றும் உண்மையல்ல. லாக்டிக் அமிலத்தை உடல் தானாகவே ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அப்புறப்படுத்திவிடும். மறுநாள் காலையில் படியிறங்கும்போது தொடையில் தெறிக்கும் வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 11 இளைஞர்களைக் களைத்துப்போகும் வரை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலுக்கு மட்டும் பத்து நிமிடம் மசாஜ் செய்து, இரண்டு தொடைகளிலிருந்தும் துளி தசையை எடுத்துச் சோதித்தார்கள். 2012இல் வெளிவந்த அந்த முடிவின்படி, லாக்டிக் அமில அளவில் மாற்றமே இல்லை. மாறாக, மசாஜ் பெற்ற காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. வலி குறைவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். நச்சுகளை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. தொப்பை குறைய வேண்டுமானால், வியர்க்க வேண்டியவர் மசாஜ் செய்பவர் அல்லர்.

எனக்கு வயது 67. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். தினமும் தைலம் தேய்த்து நீவிவிட்டுக்கொண்டால் தேய்மானம் நிற்குமா? எந்தத் தைலம் நல்லது?
– வாசகி, கும்பகோணம்

தேய்ந்த குருத்தெலும்பை எந்தத் தைலமும் வளர்க்காது, அம்மா. ஆனாலும் உங்களுக்கு மசாஜ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முழங்கால் தேய்மானம் உள்ள 125 பேரிடம் எட்டு வாரம் நடத்திய ஆய்வில், வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் மசாஜ் பெற்றவர்களுக்கு வலியும் விறைப்பும் குறைந்து நடமாட்டம் எளிதாயிற்று. மூட்டு வலிக்கும்போது அதைச் சுற்றியுள்ள தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் அந்த மூட்டைக் காப்பதற்காகவே எப்போதும் இறுகி நிற்கின்றன. அந்த இறுக்கம் தளர்வதுதான் உங்களுக்குக் கிடைக்கும் நன்மை. எனவே முழங்கால் சில்லின் மேலேயே தேய்த்துக்கொண்டிருக்காமல், தொடையின் முன்பக்கத்தை முழங்காலிலிருந்து இடுப்பை நோக்கி உள்ளங்கையால் நீண்ட இழுப்பாக நீவுங்கள். நீவி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். இரண்டு கால்களுக்கும் பத்துப் பத்து முறை. தொடைத் தசைக்கு வலு சேர்க்கும் இந்தப் பயிற்சியைச் செய்யாமல் தைலத்தை மட்டும் நம்பினால் பலன் பாதிதான்.

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு', அதாவது மருந்துக்குச் செலவிடுவதை எண்ணெய் ஆட்டுபவரிடம் செலவிடு என்று நம்மவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். வைத்தியனாகிய எனக்கே அதில் ஆட்சேபம் இல்லை. கை வழுக்கிச் செல்ல இளஞ்சூடான நல்லெண்ணெய் போதும். சித்த மருத்துவர் உளுந்துத் தைலமோ வேறு தைலமோ கொடுத்திருந்தால் அதையும் பயன்படுத்தலாம். மூட்டு சிவந்து, சூடேறி, நீர் கோத்திருக்கும் நாட்களில் மட்டும் எதையும் தேய்க்காதீர்கள். குளியலறைத் தரையில் எண்ணெய் சிந்தி வழுக்கி விழுந்து, மூட்டுவலியோடு வந்திருக்க வேண்டியவர் இடுப்பெலும்பு முறிவோடு வந்த நிகழ்ச்சிகள் எனக்கு ஒன்றிரண்டல்ல. பாதத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு எழுந்திருங்கள்.

கணவருக்கு 58 வயது. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரவில் கால் குடைச்சலும் எரிச்சலும் தாங்காமல் புலம்புவார். தினமும் அரை மணி நேரம் கால் பிடித்துவிடுகிறேன். சில நாட்களாக இடது காலில் மட்டும் வீக்கம் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் வீக்கம் இறங்குமா?
– வாசகி, விருதுநகர்

இந்தக் கடிதம் அஞ்சலில் வந்து சேரவே சில நாட்கள் ஆகியிருக்கும் என்பதால், தொலைபேசியில் தெரிவிக்கும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொண்டேன். ஒரு காலில் மட்டும் புதிதாக வீக்கம் வந்திருந்தால், அந்தக் காலை யாரும் அழுத்தக்கூடாது. கெண்டைக்காலின் உட்புறச் சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருந்தால், அழுத்தும்போது அது பெயர்ந்து இதயத்தின் வழியே நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. வீட்டிலேயே ஓர் அளவு பார்க்கலாம். தையல் நாடாவால் இரண்டு கெண்டைக்கால்களையும் முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் சுற்றி அளந்து, வேறுபாடு 3 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வேறுபாடு குறைவாக இருந்தாலும் வலியோ சூடோ இருந்தால் காத்திருக்கலாகாது. ஸ்கேன் செய்து பார்த்தால்தான் உறுதியாகும். நீண்ட பேருந்துப் பயணம், அறுவை சிகிச்சை, பல நாள் படுக்கை ஆகியவற்றுக்குப் பிறகு வரும் ஒற்றைக்கால் வீக்கத்தை இன்னும் கூடுதலாகச் சந்தேகிக்க வேண்டும்.

இனி, வீக்கம் இல்லாத நாட்களைப் பற்றிச் சொல்கிறேன். சர்க்கரை நோயால் நரம்புகள் பாதிக்கப்பட்டவர்களுக்கு மென்மையாகக் கால் பிடித்துவிடுவது இதமாக இருக்கும், தூக்கமும் வரும். ஆனால் உணர்ச்சி மழுங்கிய பாதம் சூட்டை அறியாது. நீங்கள் உங்கள் கையில் தொட்டுப் பார்த்து 'வெதுவெதுப்பு' என்று முடிவு செய்யும் எண்ணெய்க்கும், அவர் 'இன்னும் கொஞ்சம் சூடாகவே ஊற்று' என்று கேட்கும் எண்ணெய்க்கும் நடுவில்தான் கொப்புளம் காத்திருக்கிறது. அவர் பேச்சைக் கேட்காதீர்கள். விரலிடுக்குகளில் எண்ணெயைத் தேங்கவிட்டால் சேற்றுப்புண் வரும். அவர் இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிட வேண்டாம். மருந்து வேகமாக இரத்தத்தில் கலந்து சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம்.

கால் பிடித்துவிடுவதில் உங்களுக்குள்ள ஒரு வசதியையும் சொல்ல வேண்டும். பாதத்தைத் தினமும் கையில் எடுத்துப் பார்ப்பவர் நீங்கள்தான். ஆணி, வெடிப்பு, நிறம் மாறிய விரல், ஆறாத சிறு காயம் ஆகியவை மருத்துவரைவிட முன்னதாக உங்கள் கண்ணில் பட்டுவிடும். விளக்கைப் போட்டுவிட்டுக் கால் பிடியுங்கள்.

முடிவெட்டிக்கொண்ட பிறகு சலூன்காரர் தலையைத் தட்டிவிட்டு, கழுத்தை இரண்டு பக்கமும் திருகிச் சொடக்கு எடுப்பார். மிகவும் சுகமாக இருக்கும். ஆபத்து என்கிறார்களே?
– வாசகர், மதுரை

தலையைத் தட்டுவதிலும் தோளைப் பிடிப்பதிலும் குறைசொல்ல ஒன்றுமில்லை. நானே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கழுத்தைத் திருகுவதுதான் கூடாது. மூளைக்குப் போகும் இரண்டு தமனிகள் கழுத்து எலும்புகளில் உள்ள துளைகளின் வழியாகக் கோத்துவிட்டதுபோல் மேலேறுகின்றன. வெடுக்கென்று திருகும்போது அந்தத் தமனியின் உட்சுவர் கிழிந்து, அங்கே இரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அழகு நிலையத் தொட்டியில் கழுத்தைப் பின்னால் மடித்துத் தலைமுடியைக் கழுவிய பிறகு பக்கவாத அறிகுறிகள் தோன்றிய ஐந்து பெண்களைப் பற்றி 1993ஆம் ஆண்டிலேயே ஒரு நரம்பியல் மருத்துவர் எழுதி, அதற்கு 'பியூட்டி பார்லர் ஸ்ட்ரோக்' என்று பெயரே வந்துவிட்டது. அபூர்வமாகத்தான் நிகழும். ஆயிரம் முறை ஒன்றும் ஆகவில்லை என்பது ஆயிரத்தோராவது முறைக்கு உத்தரவாதமாகாது. 'கழுத்து வேண்டாம், அண்ணே' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கழுத்தின் பக்கவாட்டில், நாடி துடிக்கும் இடத்தை அழுத்தித் தேய்ப்பதும் வயதானவர்களுக்கு நல்லதல்ல.

மகளுக்குக் குழந்தை பிறந்து ஒன்றரை மாதம் ஆகிறது. குளிப்பாட்ட வரும் பாட்டி எண்ணெய் தேய்த்துக் கை கால்களை நீவிவிடுகிறார். மூக்கை எடுப்பாக்க நீவுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, ஊதுவது எல்லாம் உண்டு. மருமகன் இது எதுவுமே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, தஞ்சாவூர்

இருவரும் பாதிப் பாதி சரி. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் குப்புறக் காலில் கிடத்தி, முதுகில் எண்ணெயை வழித்துவிடும் அந்தப் பாட்டியின் கையை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. குறைமாதக் குழந்தைகளை ஒரு நாளைக்கு மூன்று முறை, முறைக்குக் கால் மணி நேரம் என்று பத்து நாட்கள் தடவிக்கொடுத்ததில், மற்றக் குழந்தைகளைவிட அவர்களுடைய அன்றாட எடை அதிகரிப்பு 47 விழுக்காடு கூடுதலாக இருந்தது என்று 1986இல் அமெரிக்காவில் டிஃபனி ஃபீல்டு குழுவினர் வெளியிட்டனர். தில்லியில் ஆறு வார வயதுடைய 125 குழந்தைகளிடம் பலவகை எண்ணெய்களை ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நல்லெண்ணெய் தேய்த்த குழந்தைகளின் வளர்ச்சி தெளிவாக மேம்பட்டிருந்தது. மசாஜுக்குப் பின் குழந்தைகள் நன்றாக உறங்கவும் செய்தனர். சிறிய ஆய்வுகள்தாம் என்றாலும், பாட்டியின் பக்கம் சாய்கின்றன.

மூக்கிலும் வாயிலும் எண்ணெய் விடுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்; இதில் மருமகன் சொல்வது முழுக்கச் சரி. தண்ணீர் இருமலைத் தூண்டுவதுபோல எண்ணெய் தூண்டாது; சத்தமின்றி நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். அதனால் வரும் நிமோனியாவுக்குச் சாதாரண ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்காமல், பல வாரங்கள் அவதிப்பட்ட குழந்தைகள் உண்டு. காதில் எண்ணெய் விடுவதும் வாயால் ஊதுவதும் கிருமிகளை உள்ளே அனுப்பும் வேலைகள். குழந்தையின் மார்புக் காம்பைப் பிதுக்கிப் பால் எடுப்பதும் கூடாது. அது சீழ்க்கட்டியில் முடியும். மூக்கை நீவி எடுப்பாக்க முடியாது. அது அப்பா அம்மாவிடமிருந்து வருவது. கற்பூரம் கலந்த தைலங்கள் குழந்தைகளுக்கு வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பதால் வீட்டுப் பெரியவர்களின் தைலப் புட்டியைக் குழந்தையிடமிருந்து தள்ளியே வையுங்கள். பாட்டியிடம் இதைச் சொல்லும்போது, 'டாக்டர் சொன்னார்' என்று என் தலையில் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.

ஏழு வயது மகன் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. ஊரில் சுளுக்கு வழிப்பவர் மூன்று நாட்கள் எண்ணெய் போட்டு உருவினார். வீக்கம் குறைந்தது, ஆனால் இரண்டு மாதம் ஆகியும் கையை முழுதாக நீட்ட முடியவில்லை.
– வாசகர், தர்மபுரி

உங்கள் மகனை உடனடியாக எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். முழங்கையில் அடிபட்டவுடன் தசைக்குள் இரத்தம் கசிந்திருக்கும். அந்த நிலையில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால், காயமுற்ற தசைக்குள் எலும்பே உருவாகிவிடக்கூடும். மூட்டு மடங்கவும் நீளவும் முடியாமல் பூட்டிக்கொள்ளும். அடிபட்ட முழங்கையை மசாஜ் செய்யாதே என்பது எலும்பு மருத்துவ மாணவனுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரப்படும் பாடங்களில் ஒன்று. உங்கள் மகனுக்கு நேர்ந்தது அதுவா, சரியாகக் கூடாத எலும்பு முறிவா என்பதை எக்ஸ்ரேதான் சொல்லும். இப்போதும் கையை வலுவாக இழுத்து நீட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் செய்வதற்கு வழிகள் இருக்கின்றன, அஞ்ச வேண்டாம்.

அடிபட்டு வீங்கிய எந்த இடத்திலும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு மசாஜ் கிடையாது. குளிர் ஒத்தடமும் ஓய்வும் போதும். இதே வகையில், வயிற்றுவலியும் வாந்தியுமாக இருக்கும் குழந்தைக்குக் 'குடலேற்றம்' என்று சொல்லி வயிற்றை வழித்துவிடுவதும் ஆபத்தானது. உள்ளே இருப்பது குடல்வால் அழற்சியாக இருந்தால், அது வெடிப்பதற்கு நாமே வழிசெய்தவர்களாவோம்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு மாதமாகிறது. இடது கை தொய்ந்து கிடக்கிறது. மசாஜ் செய்தே எழுந்து நடக்க வைக்கும் இடங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அழைத்துப் போகலாமா?
– வாசகர், கடலூர்

மூளையில் ஏற்பட்ட பாதிப்பைக் கையில் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. நடக்க வைப்பது இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி). அதுவும் முதல் மூன்று, ஆறு மாதங்களில் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி. அந்தப் பொன்னான மாதங்களை மசாஜுக்கு மட்டும் கொடுத்துவிட்டால் அவற்றை மீட்க முடியாது. பயிற்சியுடன் கூடுதலாக மென்மையாகத் தடவிக்கொடுப்பது தசை இறுக்கத்துக்கும் மனத்துக்கும் நல்லதே. ஆனால் தொய்ந்த கையைப் பிடித்து இழுக்கவோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கவோ விடாதீர்கள். தசையின் பிடிமானம் இல்லாத தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும். இன்னொரு செய்தி, வேறு யாருக்காவது பயன்படலாம்: முகம் கோணி, கை தொய்ந்த அந்தக் கணத்தில் எண்ணெயைத் தேடக் கூடாது. உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

ஸ்பா, கேரள உழிச்சில், வர்மம், தாய் மசாஜ் என்று தெருவுக்கு ஒரு பலகை தொங்குகிறது. யாரிடம் போவது என்று எப்படி முடிவு செய்வது?
– வாசகி, சென்னை

களைப்பு நீங்க வேண்டுமா, நோய்க்குச் சிகிச்சை வேண்டுமா என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள். களைப்புக்கென்றால் சுத்தமான துண்டும் விரிப்பும் உள்ள, 'வலித்தால் சொல்லுங்கள்' என்று கேட்கிற எந்த இடமும் போதும். நோய்க்கென்றால், இயன்முறை மருத்துவரிடமோ பட்டம் பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடமோ போக வேண்டும். சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதை ஒன்பதாக வகுத்திருக்கிறார்கள். இந்தச் சொற்களை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இன்றைய இயன்முறை வகுப்பில் சொல்லித்தரும் அசைவுகள் பலவும் அவற்றில் அடங்கிவிடும். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் முறையாகப் பயின்றவர்கள் இருக்கிறார்கள்.

நல்ல சிகிச்சையாளர் கையில் எண்ணெய் எடுப்பதற்கு முன் கேள்விகள் கேட்பார். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்பு பலவீனமா, கர்ப்பமா, காய்ச்சலா, சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா, டயாலிசிஸுக்காகக் கையில் இரத்தக்குழாய் இணைப்பு இருக்கிறதா என்றெல்லாம் விசாரிப்பார். எதையும் கேட்காமல் 'படுங்கள்' என்று சொல்பவரிடமும், பத்து நாளில் எல்லா வலியும் போகும் என்று முன்பணம் வாங்குபவரிடமும் படுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துவருகிறேன். மசாஜ் செய்தால் நோய் பரவும் என்பது உண்மையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மென்மையான மசாஜால் புற்றுநோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பதற்றத்தையும் குமட்டலையும் அது தணிப்பதாகப் பல நோயாளிகள் சொல்கிறார்கள். கட்டி இருக்கும் இடம், கதிர்வீச்சு பெற்ற தோல், மருந்து செலுத்தும் குழாய் ஆகியவற்றைத் தொடக்கூடாது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் வாரங்களில் இலேசான அழுத்தம்கூட இரத்தக்கட்டை உண்டாக்கும் என்பதால், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை வீங்கினால், நிணநீரை வடியச்செய்யும் தனிப்பயிற்சி பெற்றவர் மட்டுமே அந்தக் கையைத் தொட வேண்டும்.

அம்மாவுக்கு 82 வயது. தனிப்பட்ட வலி எதுவும் இல்லை, தூக்கம்தான் இல்லை. இரவில் பத்து நிமிடம் கால் பிடித்துவிட்டால் பயன் உண்டா? அந்த வயதில் செய்யலாமா?
– வாசகர், நாகர்கோவில்

செய்யலாம், இன்றிரவே தொடங்கலாம். மெதுவான வருடலை மட்டும் உணர்வதற்கென்றே நம் தோலில் ஒரு வகை நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை மிக நன்றாகத் தூண்டப்படுகின்றன என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள்; தூங்க வைக்கும் தாயின் கை ஏறத்தாழ அந்த வேகத்தில்தான் நகர்கிறது. எனவே அழுத்திப் பிசைய வேண்டியதில்லை. முழங்காலிலிருந்து பாதம் வரை ஓர் இழுப்புக்குப் பத்து, பன்னிரண்டு விநாடி எடுத்துக்கொண்டு, உள்ளங்கையை முழுவதும் பதித்து வருடுங்கள். அந்த வயதில் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்திருக்கும், எலும்பும் வலுவிழந்திருக்கும் என்பதால் சிறிதளவு தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். முதுகிலும் விலாவிலும் அழுத்தம் கொடுக்காதீர்கள். உட்காருவதற்கு முன் நகத்தை வெட்டிக்கொண்டு, விரலில் உள்ள மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.